எட்டாவது ஸ்பீக்கர்

தேயிலை ஃபாக்டரி காக்கிற ரோதைமுனி மேல் ஆணை, மாதா கோயில் மணி மேல் ஆணை, எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பல்லின் மேலும் ஆணை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒன்றையும் கூட்டவில்லை. இரண்டு இடத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். அதுவும் கேட்கிறவர்களில் யாருக்காவது பிரஷர் இருக்கலாம் என்பதற்காக.

அறையில் இருந்த ஸ்பீக்கர்கள் ஏழு. ஏழையும் சுவரில் துளை போட்டுப் பூட்டியவன் லியோன். முன்னால் மூன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு. உறுமலுக்கென்று தரையில் குந்தியிருந்த கறுப்புப் பெட்டியை மெஷின் தனியாக எண்ணிக்கொள்ளும். 2006ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்த மெஷின் அறையை அளந்து முடித்துவிட்டுத் திரையில் காட்டிய எண்ணிக்கை எட்டு.

லியோன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். ஏழு ஸ்பீக்கருக்கும் நேரே பெயரும் தூரமும் இருந்தன. எட்டாவதற்குப் பெயர் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. தூரம் மட்டும் சுத்தமாக எழுதியிருந்தது: இருபத்துநான்கு தசம் ஆறு மீட்டர்.

அந்த அறையின் நீளமே ஏழு மீட்டர்தான்.

இருபத்துநான்கு மீட்டரில் என்ன இருக்கிறது என்று அவன் மனதுக்குள் நடந்து பார்த்தான். சுவர். சமையல்கட்டு. பின்கதவு. பின்கதவைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஏறி வரும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை நினைத்ததும் காது மடல் சுட்டது. மெஷினை அணைத்தான்.

காது மடல் ஏன் சுட்டது என்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லியோன் ஒரு தேயிலைத் தோட்டத்து மைக்செட்காரன். றக்வானையிலிருந்து பஸ் பதினேழு முடக்கு வளைந்து ஏறி, இனி முடியாது என்று மூச்சு வாங்கி நிற்கிற இடம்தான் அந்தத் தோட்டம். மைக்செட் லயத்து ஆட்கள் சேர்ந்து வாங்கியது. வைத்திருப்பதும் பேசுவதும் லியோன். மாரியம்மன் திருவிழாவுக்கும் அவன்தான், மாதா திருநாளுக்கும் அவன்தான், கல்யாணத்துக்கும் அவன்தான். ஆனால் அவன் பெயர் பெற்றது சாவு அறிவிப்பில். சாவு விழுந்தால் மைதானத்து மரத்தில் ஹோர்னைக் கட்டுவான். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான், ஓர் ஊது ஊதுவான். டொக், டொக், ஃபூ. பிறகுதான் பெயர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னார் இன்று காலமானார், அடக்கம் நாளை மூன்று மணிக்கு. மூன்று தரம் சொல்வான். அந்தக் குரல் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, அக்கரை டிவிஷன் லயத்தில் ஏறும். ஏறினதும் அங்கே அடுப்பில் கொதிக்கிற சோறு ஒரு நிமிடம் அடங்கி நிற்கும். இது கேள்விப்பட்டதில்லை, நான் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

அக்கரை டிவிஷனுக்கு டெலிபோன் இல்லை. செல்போனுக்கு அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. மழையில் சாவுத் தப்பு அடிக்க முடியாது, தோல் தொய்ந்துவிடும். ஆகவே இருபது வருடமாக அந்த மலையில் பெயர் சொல்லப்படாமல் மண்ணுக்குப் போன ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவனைத்தான் மஷூர் முதலாளி கூப்பிட்டார். இரத்தினபுரியில் கல் வியாபாரம். ஒரு நீலக்கல் கொடுத்த வாழ்வில் பழைய துரை பங்களாவை வாங்கி, அதில் ஜன்னல் இல்லாத சாமான் அறையைத் தியேட்டர் ஆக்கப்போவதாகச் சொன்னார். சவுண்டு தெரிந்த மனுசன் இந்த மலையில் நீங்கள் ஒருவர்தானே என்று சொல்லி, அன்றைக்கே லியோனுக்கு இன்ஜினியர் என்று பட்டமும் கொடுத்தார். நாற்பத்தாறு வயதுவரை யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் அவனுக்குள் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கொழும்பில் ஒரு கடை. ஏசி போட்ட அறை. விற்கிற பையன் மூன்று பிராசசர்களை வரிசையாக வைத்து, இது இத்தனை சனல், இது இன்ன இன்ன வகைச் சத்தத்தைப் பிரித்தெடுக்கும், இது அறையைத் தானே அளந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே போனான். லியோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மைக்செட்காரர்களுக்கென்று ஒரு வழி உண்டு: அமப்ளிபயரைத் தூக்கிப் பார்ப்பது. பாரமாக இருந்தால் டிரான்ஸ்போமர் பெரிது, டிரான்ஸ்போமர் பெரிதென்றால் மூன்று நாள் திருவிழாவுக்கும் தாங்கும். லியோன் மூன்று பெட்டியையும் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசிப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

விற்கிற பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "ஐயா, சத்தம் குடுக்கிற பெட்டி வேற. இது கணக்குப் போடுற பெட்டி. இதுக்குப் பாரம் முக்கியமில்ல."

அதெல்லாம் தெரியும் என்பதுபோல் லியோன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் கடைசிவரை உடம்பு கூசியது. முதலாளி, இன்ஜினியர் சொன்னதையே போடுங்கள் என்றார்.

பராமரிப்பிலும் அவன் குறை வைக்கவில்லை. றக்வானை ஈரத்தில் காலில் போடுகிற சப்பாத்தே பூஞ்சணம் பிடித்து முளைவிடும், மெஷின் எம்மாத்திரம். அலுமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டான். முதல் இடிக்குப் பிளக்கைக் கழற்றினான். பங்களாவுக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினான். காற்றுப் போகும் துளைகளைச் சவரப் பிரஷ்ஷால் துடைத்து, பல்லி முட்டைகளைப் பொறுக்கினான். மாதம் ஒரு தரம் அளவெடுத்தான். மெஷினோடு வந்த மைக் கட்டைவிரல் அளவில் கறுப்பாக, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தவன் அவன்தான். அதைக் கேட்கிறவரின் காது உயரத்துக்குச் சாய்நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலியில் நிறுத்தவேண்டும். விசிறியை நிறுத்தவேண்டும். மூச்சையும் கொஞ்சம் அடக்கவேண்டும். மெஷின் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முறைபோட்டு ஒரு சத்தம் அனுப்பும், மழை தூரத்தில் வருகிற மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று. அந்தச் சத்தம் மைக்குக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடித்து எழுதும். அவ்வளவுதான் அளவு.

இனிமேல்தான் வெட்கக்கேடு.

அந்த ஜூனில் பத்து நாள் விடாமல் மழை. அக்கரைக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, தாய்லாந்திலிருந்து கல் வாங்க வந்த இரண்டு பேரை முதலாளி பங்களாவுக்கு அழைத்து வந்தார். லியோன் புதுச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. ரிமோட் அவன் கையில். ஹெலிகொப்டர் ஒன்று இடது சுவரில் எழும்பி, தலைக்கு மேலே சுற்றி, முதுகுக்குப் பின்னால் இறங்கியது. தாய்லாந்துக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி, இவர் எங்கள் இன்ஜினியர் என்று லியோனைக் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவில் யாரோ கூப்பிட்டார்கள்.

கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்த கோலத்தில் லயத்து ஜெயம்மா. மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் கோடாக இறங்கி, முதலாளியின் வெள்ளை டைல்ஸில் பூப்போலப் படர்ந்தது.

"தம்பி, சின்னம்மா அக்கா போயிருச்சு. ஒரு கொரல் குடுத்துருங்க. மகன் பழனியாண்டி அக்கரையில கெடக்கான், அவனுக்குக் கேக்கணும்."

லியோனுக்குப் பின்னால் திறந்திருந்த கதவு வழியே தாய்லாந்துக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லியோன் அந்தக் கால்களைப் பார்த்தான். தன் கால்சட்டையைப் பார்த்தான். மைதானத்துக்குப் போய் மழையில் மரம் ஏறி ஹோர்ன் கட்டிவிட்டு வந்தால், திரும்பி வரும்போது அவன் இன்ஜினியராக இருக்கமாட்டான்.

"அமப்ளிபயர் எரிஞ்சு கெடக்குக்கா," என்றான்.

எரியவில்லை. அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வெள்ளைத் துணி போர்த்தி நன்றாகத்தான் இருந்தது.

அந்த மழையில் பிணம் தாங்காது. மறுநாள் மத்தியானம் சின்னம்மாவைப் புதைத்தார்கள். போனவர்கள் ஒன்பது பேர். பெயர் சொல்லவில்லை.

மகன் பழனியாண்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தான். மண் மூடி இரண்டு நாள். புதைகுழியைப் பார்த்துவிட்டு நேரே லியோன் வீட்டுக்கு வந்தான். லியோனின் மனைவி ரோசம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு லியோனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மிசின் எரிஞ்சா நீங்க என்ன செய்வீங்கண்ணே. மனசுல வச்சிக்காதீங்க."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லியோன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். ரோசம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான். பழனியாண்டி போனதும், ரிப்பேர் பார்க்கத் தெரிந்த யாராவது வந்து துணியைத் தூக்கிப் பார்த்தால் என்ன ஆவது என்ற யோசனை வந்தது. மறுநாள் ரோசம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் அமப்ளிபயரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, ஸ்பீக்கர் வயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொய்யை உண்மையாக்க ஆறு நிமிடம் எடுத்தது. டிரான்ஸ்போமர் கம்பியின் வார்னிஷ் கருகிய வாடை அந்த லயத்து அறையின், காம்பராவின், கூரை வரைக்கும் போய் நின்றது.

அதற்கு மறுநாள்தான் மெஷின் எட்டு என்றது.

முதலில் அவனுக்கு விளக்கம் கிடைத்தது. ஈரத்தில் சுவர் இறுகி, சத்தம் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வருவதை மெஷின் இன்னொரு ஸ்பீக்கர் என்று எண்ணுகிறது. முதலாளிக்குப் பங்களா டெலிபோனிலிருந்து சொன்னான். முதலாளி சிரித்தார். "ஏழு வாங்கின இடத்துல எட்டு ஈக்கிண்டா நட்டமா இன்ஜினியர்? உடுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்சுவர் முழுக்கத் தடித்த கம்பளம் தொங்கவிட்டு அளந்தான். எட்டாவது இன்னும் இருந்தது. பதினாறு தசம் இரண்டு.

இந்தத் தரம் அவன் கவனித்தது எண்ணை அல்ல. ஏழு ஸ்பீக்கரும் முறைபோட்டு ஸ்ஸ்ஸ் என்று முடித்த பிறகு, மெஷின் நிற்கவில்லை. எட்டாவதின் முறைக்காக அதே அளவு நேரம் காத்திருந்தது, விசிறியும் நின்று, ரப்பர் மெத்தை அடித்த சுவர்களுக்குள் தன் இரத்தம் ஓடுவதே கேட்கிற அந்த அமைதியில், கம்பளத்தின் ஈரப்பஞ்சு வாடைக்குள் வேறொரு வாடை மெல்லக் கலந்தது, கருகிய வார்னிஷும் நனைந்த சாக்கும் சேர்ந்த வாடை, அதோடு எங்கேயோ ஒரு சத்தம், ஸ்பீக்கர் அனுப்புகிற போலி மழை இல்லை, நிஜ மழை, ஒரு குடையின் மேல் விழுந்து விளிம்பில் ஒழுகுகிற மழை. குடைக்குக் கீழே யாரோ நிற்கிற அளவுக்கு அந்த மழையின் நடுவில் ஒரு வெற்றிடம்.

மெஷினின் துளைகளைச் சவரப் பிரஷ்ஷால் துடைத்தான். சுத்தமாகத்தான் இருந்தன. ஒரு பல்லி முட்டைகூட இல்லை. பல்லிகள் அந்த அறையை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அளக்காமல் விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. நாக்கு, ஆடுகிற பல்லைத் தேடிப் போகிற மாதிரி அந்த எண் அவனைக் கூப்பிட்டது. அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தான். லயத்தில் யாராவது அமப்ளிபயரைப் பற்றி விசாரித்து, அவன் பொய்யையே திருப்பிச் சொன்ன நாளில் எண் குறைந்தது. ஜெயம்மாவிடம் தண்ணீர் பிடிக்கிற பீலி அடியில் வைத்து, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்ன அன்று, பதினொன்று. பதினொரு மீட்டரில் பின்கதவு இருந்தது. மாரியம்மன் கோயில் தலைவரிடம், இடி விழுந்திருக்கும் என்று சொன்ன அன்று, மூன்று தசம் எட்டு. அது சுவருக்கு அந்தப் பக்கம். ஒட்டியபடி.

அன்று எட்டாவதின் முறையில் மழை இல்லை.

டொக், டொக். ஃபூ.

அவனுடைய தட்டு. அவனுடைய ஊது. இருபது வருடமாக அந்த மலை கேட்ட, பெயருக்கு முன்னால் வருகிற மூன்று சத்தம். பிறகு பெயர் வரவேண்டும். வரவில்லை. யாரோ மூச்சை உள்ளே இழுத்து, சொல்லாமல், பிடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

லியோன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான். ரோசம்மா, ஏன் முகம் கறுத்துப்போயிருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். சொல்லலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எதைச் சொல்வது? ஸ்பீக்கர் எட்டு இருக்கிறது என்று சொல்லலாம்; ஏன் எட்டு என்று அவள் கேட்பாளே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் பழனியாண்டி வந்தான். காரியத்துக்கு அழைக்க வந்தவன், வாசலிலேயே நின்று, மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மைக்செட்டு இல்லாட்டியும் பரவால்லண்ணே. நாளைக்கு மூணு மணிக்கு வந்து, வெறும் வாயால சொல்லுங்க. ஒங்க கொரல்ல எங்கம்மா பேரு ஒரு தடவ கேட்டா எனக்குப் போதும்."

"வாரேன் பழனி," என்றான் லியோன். அதற்குமேலும் ஒரு வாக்கியம் தொண்டையில் இருந்தது. எரியவில்லை, எரித்தேன் என்று இரண்டே சொல். பழனியாண்டி கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மூன்று மணிக்கு லியோன் காரிய வீட்டில் இல்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் அவன் அந்தப் பெயரைச் சொன்னால் குரல் உடைந்துவிடும், உடைந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தான். பங்களாவுக்கு நடந்தான். முதலாளி இல்லை. மழை இருட்டில் சமையல்கட்டு மூன்று மணிக்கே ஆறு மணிபோல் கிடந்தது. தியேட்டர் அறைக்குள் போய்க் கதவை இழுத்து மூடினான். உலகத்தின் சத்தம் கத்தரித்துவிட்டது போல் நின்றது. இந்த அறைக்குள் பழனியாண்டியின் குரல் வராது என்பதுதான் அவனுடைய எண்ணம். வெளியில் எதுவும் உள்ளே வராது. உள்ளே எதுவும் வெளியில் போகாது. அவனே மெத்தை அடித்த சுவர்கள்.

கைப் பழக்கத்தில் மெஷினைப் போட்டான். மைக்கை முக்காலியில் நிறுத்தினான். விசிறியை நிறுத்தினான். சாய்நாற்காலியில் உட்கார்ந்தான்.

முன் இடது. ஸ்ஸ்ஸ்.

நடு. ஸ்ஸ்ஸ். முன் வலது. பக்கம். பக்கம். பின். பின்.

எட்டு.

திரையில் எண் வந்தது. மூன்று தசம் ஒன்று. அறைக்குள்.

அவன் திரும்பவில்லை. மூன்றரை மீட்டர் பின்னால் கம்பளம் இருந்தது. கம்பளத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. டைல்ஸில் விழுகிற தண்ணீர். அந்த அறையில் டைல்ஸ் இல்லை.

மெஷின் தானாக மறுபடி அளந்தது. முதல் ஏழும் பேசவில்லை. நேரே எட்டாவது.

ஒன்று தசம் நான்கு.

நனைந்த சாக்கு. வார்னிஷ்.

அவன் எழ நினைத்தான். கால் கேட்கவில்லை.

பூச்சியம் தசம் ஐந்து.

கழுத்துப் பின்னால் குளிர். மூச்சு. பிடித்து வைத்த மூச்சு.

டொக்.

அது நெஞ்செலும்பில் விழுந்தது. அவன் நெஞ்சில்.

டொக்.

உள்ளிருந்து.

பிறகு அவன் கேட்காமலே அவன் நுரையீரல் நிறைந்தது. உதடு குவிந்தது. ஊதியது. ஃபூ.

பூச்சியம் தசம் பூச்சியம்.

வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, இறங்கியது. உதடுகள் ஒட்டின, பிரிந்தன. தொண்டை அதிர்ந்தது, விரலை வைத்தால் நடுங்கும் அளவுக்கு. அவன் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். இருபது வருடப் பழக்கத்தில் அவனுக்குத் தெரிந்தது, இது இன்னாரின், இது இன்னாரின், இது பெயர். இது நாளை. இது மூன்று மணிக்கு. மூன்று தரம்.

காதில் ஒன்றும் விழவில்லை.

ஒரு சொல்கூட. அறை கல்லாக இருந்தது.

திரையில், கோடு இருந்த இடத்தில், இப்போது எழுத்துகள் இருந்தன. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

வாய் மூடியது. கால்கள் திரும்பக் கிடைத்தன. கதவை இழுத்துத் திறந்து, சமையல்கட்டுக்கு வந்து, பின்கதவைத் திறந்தான்.

குடைகள்.

ஒற்றையடிப் பாதை நெடுகக் கறுப்புக் குடைகள். மேல் டிவிஷனிலிருந்து ஒரு வரிசை. கீழிருந்து ஒரு வரிசை. பள்ளத்துக்கு அப்பால், அக்கரை ரோட்டில், மண் சரிந்த இடத்தைச் சுற்றி இறங்கி, இன்னொரு வரிசை. சிலர் தோளில் மம்பட்டி. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் வருகிற மாதிரி, குடையைத் தாழ்த்தி, வழியைப் பார்த்து வந்தார்கள். அறிவிப்புக் கேட்டு வருகிறார்கள்.

ஜெயம்மா வந்தாள். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, அவனைத் தாண்டி உள்ளே போனாள். கோயில் தலைவர் போனார். ரோசம்மா வந்தாள், கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில். கண் வீங்கியிருந்தது. அவன் அவள் கையைத் தொட நினைத்தான். அவள் சுவரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

யார் செத்தது?

ஒரு கேள்விதான். இருபது வருடமாக எல்லாச் சாவையும் எல்லோருக்கும் சொன்னவன், தன் வாயாலேயே இப்போதுதான் சொன்னவன், போய் எப்படிக் கேட்பான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். அவர்கள் ஒவ்வொருவராகத் தியேட்டர் அறைக்குள் போனார்கள். ஏழு மீட்டர் அறை. நூறு பேர் போனார்கள். இருநூறு பேர் போனார்கள். அறை நிறையவில்லை.

கடைசியில் மொட்டைத் தலையோடு பழனியாண்டி வந்தான். லியோனுக்கு முன்னால் நின்றான். முகத்தில் கோபம் இல்லை. அன்று கையைப் பிடித்தபோது இருந்த அதே தயவு.

"ஒங்க கொரல் நல்லா கேட்டுச்சுண்ணே. அக்கர வரைக்கும் கேட்டுச்சு."

அவனும் உள்ளே போனான்.

திறந்த கதவு வழியே லியோன் பார்த்தான். இருட்டில் அத்தனை முதுகுகள். எல்லோரும் சாய்நாற்காலியைச் சுற்றி நின்று, தலை குனிந்து, அதில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு மட்டும் ஒரு சந்து விட்டிருந்தார்கள்.

பின்னால் தண்ணீர் சொட்டியது.

பாதையில் கடைசியாக ஓர் ஆள் ஏறி வந்து, பின்கதவைத் தாண்டி, அவனுக்குப் பக்கத்தில் நின்றது. வெளியில் மழை விட்டிருந்தும் அந்தக் குடையின் மேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. இடுப்பில் சாக்கு. வெறுங்கால், விரல் இடுக்குகளில் சிவப்பு மண், புதிதாகத் தோண்டினால் வருகிற ஈர மண். லியோன் அந்தக் கால்களுக்கு மேலே கண்ணை உயர்த்தவில்லை. அவள் அவசரப்படவில்லை. ஓர் அடி ஒதுங்கி, குடையைத் தாழ்த்தி, அவன் முதலில் உள்ளே போகட்டும் என்று வழிவிட்டு நின்றாள்.

முதலாளி பங்களாவை விற்றபோது சாமான்களை எடுத்துக் கட்டியது நான். மெஷினோடு வந்த, லியோன் மாதாமாதம் முக்காலியில் நிறுத்திய அந்த மைக், கம்பனி ஒட்டிய முத்திரை கிழியாமல், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், பெட்டியின் அடியில் அப்படியே இருந்தது.